பால் புரையேறும் என்ற பயமும் பிள்ளையின் படுக்கையும்

இரண்டரை மாதக் குழந்தை. காலை ஏழு மணிக்கே அம்மாவும் பாட்டியும் கிளினிக் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். ராத்திரி மூன்று மணிக்குப் பால் கட்டி மார்பு வலித்ததால்தான் அந்தப் பெண்ணுக்கு விழிப்பு வந்திருக்கிறது. பக்கத்தில் பார்த்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்த குழந்தை முன்பக்கம் சரிந்து, அண்டக் கொடுத்திருந்த உருளைத் தலையணைக்குள் முகம் புதைந்து கிடந்திருக்கிறான், உதடு நீலம் பாரித்திருக்கிறது. தூக்கியதும் ஒரு நொடி சத்தமே இல்லை, அப்புறம் வீறிட்டு அழுதிருக்கிறான். நான் பார்த்தபோது பிள்ளை நன்றாக இருந்தான். ஆக்சிஜன் அளவும் சரியாக இருந்தது. ஆனாலும் ஒரு நாள் கண்காணிப்பில் வைத்திருந்துதான் அனுப்பினோம். "புரையேறிடுச்சா டாக்டரம்மா?" என்று பாட்டி திரும்பத் திரும்பக் கேட்டார். புரையேறவில்லை. புரையேறிவிடக் கூடாதே என்று முன்னும் பின்னும் வைத்த தலையணைதான் மூச்சை அடைத்திருக்கிறது.

நம் ஊரில் ஒரு சின்னக் குழந்தை தூக்கத்தில் இறந்துபோனால் "பால் புரையேறிடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். செய்தித்தாளிலும் அப்படித்தான் வருகிறது. எங்கே படுத்திருந்தது, எப்படிப் படுத்திருந்தது, முகத்துக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை, பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையும் நடப்பதில்லை. பெற்ற தாயின் தலையில் "ஏப்பம் விடாம படுக்க வெச்சுட்டா" என்ற பழி மட்டும் விழுகிறது. இந்தப் பழி எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். அதைவிடக் கவலை என்னவென்றால், அந்தப் பயம் அடுத்த வீட்டில் இன்னும் இரண்டு தலையணையாக மாறுகிறது.

மல்லாக்கப் படுத்தால் கக்கும் பால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நம் கழுத்துக்குள் மூச்சுக்குழாய் முன்னால் இருக்கிறது, உணவுக்குழாய் அதற்குப் பின்னால். குழந்தையை மல்லாக்கப் போட்டால் மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும், அதற்குள் பிள்ளை விழுங்கிவிடும் அல்லது இருமித் தள்ளிவிடும். குப்புறப் போட்டால் இது அப்படியே தலைகீழாகிறது, மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது. பால் கக்கும் குழந்தைக்கும் மல்லாந்த நிலைதான் பாதுகாப்பு. ஒருக்களித்த நிலை இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் பத்திரம் என்று தோன்றும், ஆனால் அது நிலைக்காது. சின்ன உடம்பு எந்தப் பக்கமும் உருளும், முன்பக்கம் உருண்டால் குப்புறத்தான் விழும்.

மேலை நாடுகளில் ஒரு காலத்தில் டாக்டர்களே குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காரணம் தெரியாமல் தொட்டிலில் குழந்தைகள் இறப்பது கூடிக்கொண்டே போக, 1980களின் கடைசியில் நெதர்லாந்திலும் நியூசிலாந்திலும் படுக்கும் நிலையைப் பற்றிக் கேள்வி எழுந்தது. 1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் "மல்லாக்கப் படுக்க வையுங்கள்" என்று பெரிய பிரசாரமே நடந்தது. மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை, படுக்க வைக்கும் விதத்தை மாற்றியதிலேயே அந்தச் சாவுகள் சுமார் பாதியாகக் குறைந்தன. குழந்தை மருத்துவத்தில் இவ்வளவு சுலபமாக இவ்வளவு உயிர்களைக் காப்பாற்றிய விஷயங்கள் அதிகம் இல்லை.

நமக்கு மூச்சு முட்டினால் விழித்துக்கொள்வோம், தலையைத் திருப்புவோம். மூன்று மாதக் குழந்தைக்கு மூச்சையும் விழிப்பையும் கவனிக்கும் மூளைத்தண்டு இன்னும் முதிரவில்லை. முகம் மெத்தையில் பதிந்தால், வெளியே விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டு, ஆக்சிஜன் குறையக் குறைய விழிக்காமலே கிடக்கும் குழந்தைகள் உண்டு. தூக்கத்தில் வரும் இந்த மாதிரிச் சாவு இரண்டிலிருந்து நான்கு மாதத்துக்குள் உச்சத்தில் இருக்கிறது, பத்தில் ஒன்பது ஆறு மாதத்துக்குள் நடந்துவிடுகிறது. ஆக இந்தக் கவனம் வருஷக்கணக்கில் தேவைப்படுவது இல்லை, முதல் ஆறு மாதம்தான் மிக முக்கியம்.

குறைமாதக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "ஐசியூவில் நர்ஸம்மா குப்புறத்தானே போட்டிருந்தாங்க" என்று கேட்பீர்கள். அங்கே ஒவ்வொரு மூச்சையும் எண்ணும் மானிட்டர் இருந்தது, நர்ஸ் விழித்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் மல்லாக்கத்தான், உங்கள் பிள்ளைக்கு மற்ற பிள்ளைகளைவிட அது அதிகம் தேவை.

இப்போதெல்லாம் டிஸ்சார்ஜ் ஆகிப் போகும் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன்: குழந்தையைத் தூக்கிவிட்டு, வெறும் படுக்கையை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அந்தப் போட்டோக்களைப் பார்த்தால், வீட்டில் எத்தனை பேர் எவ்வளவு ஆசையோடு இருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஜிப் வைத்த கொசுவலைக்குள் மெத்துமெத்தென்று பஞ்சு மெத்தை, அதோடு சேர்ந்தே வந்த குட்டித் தலையணை, இரண்டு பக்கமும் உருளை, அத்தை வாங்கிய கரடி பொம்மை, மடித்த பழைய சேலை, தலைமாட்டில் கடுகு தலையணை. ஒவ்வொன்றையும் ஒருவர் அன்பாகத்தான் வைத்திருக்கிறார். ஆனால் ஒவ்வொன்றும் மூக்குக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. எனக்கு வர வேண்டிய போட்டோவில் சமமான, அழுத்தமான ஒரு மெத்தை, அதில் இழுத்துச் செருகிய ஒரு துணி, அவ்வளவுதான் இருக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்காமல் உடனே எழும்ப வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை நமக்குச் சுகம், சின்னக் குழந்தைக்கு வேண்டாம்.

கடுகு தலையணையை எடுக்கச் சொன்னால்தான் வீட்டில் சண்டையே வருகிறது. தலை உருண்டையாக வர வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. மல்லாக்கவே படுத்தால் பின்மண்டை கொஞ்சம் தட்டையாவதும் உண்மைதான். ஆனால் பிறந்த குழந்தைக்குப் பின்மண்டை ஏற்கெனவே துருத்திக்கொண்டிருக்கிறது, அதன் கீழே தலையணை வைத்தால் தாடை மார்பில் முட்டி மூச்சுப் பாதை மடங்குகிறது. அதற்குப் பதிலாக, விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு குப்புறப் போட்டு விளையாட விடுங்கள், தூங்கும்போது தலையை ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். உட்காரத் தொடங்கியதும் பெரும்பாலான தலைகள் தானே சரியாகிவிடுகின்றன.

அப்புறம் பெரியவர்களின் கட்டிலோடு ஒட்டி வைக்கும் கிரிப், அதாவது குழந்தைக்கான குட்டிக் கட்டில். மூன்று பக்கம் தடுப்பு, ஒரு பக்கம் அம்மாவின் மெத்தையைப் பார்த்துத் திறந்திருக்கும். எனக்கு இது பிடித்த பொருள், ஒழுங்காக மாட்டினால். பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனக்கென்று ஒரு தனிப் படுக்கையில், குறைந்தது ஆறு மாதம் குழந்தை தூங்குவது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2022இல் வெளியிட்ட அறிவுரையிலும் சொல்கிறது. சிசேரியன் ஆன பெண் தையல் வலியோடு ராத்திரி நாலு தடவை எழுந்து, குனிந்து பிள்ளையைத் தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத் தெரியும். கை நீட்டினால் பிள்ளை, பால் கொடுத்து முடித்ததும் திரும்ப அதன் இடத்தில். பால் கொடுப்பதும் நிற்காமல் தொடரும், தாய்ப்பாலே இந்த அபாயத்தைக் குறைக்கும் ஒன்று.

ஆனால் வரும் போட்டோக்களில் பாதியில் இடைவெளி இருக்கிறது. அந்தக் கிரிப்பின் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும், நம் வீடுகளில் இருப்பதோ தரையோடு மூடிய, சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில். கால் நுழையாது, நாலு விரல் சந்து நிற்கும், அதில் ஒரு துண்டைச் சுருட்டித் திணித்திருப்பார்கள். அந்தச் சந்துதான் ஆபத்து. உடம்பு உள்ளே நழுவி முகம் துண்டில் அழுந்தினால் சத்தமே வராது. துணி திணித்துச் சந்தை அடைக்கவே கூடாது. கிரிப்போடு வரும் பட்டையைப் பெரிய மெத்தைக்கு அடியில் கொண்டுபோய், கட்டிலின் மறுபக்கச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு மெத்தையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் கட்டிலில் இது முடியாதென்றால் நாலாவது பக்கத்தையும் ஏற்றி மூடி, சின்னக் கட்டில்போலப் பக்கத்தில் வையுங்கள். அம்மா படுக்கையில் இல்லாத நேரமெல்லாம் அந்தப் பக்கம் ஏறித்தான் இருக்க வேண்டும். பால் கக்கும் குழந்தைக்கென்று தலைப்பக்கத்தைச் சாய்வாக உயர்த்தும் வசதி சில கிரிப்பில் இருக்கும், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். சாய்வில் பிள்ளை கீழே சறுக்கித் தாடை மடங்கும். பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளையும், பஞ்சு வைத்த பக்கத் தடுப்புகளையும் அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே தடை செய்தது.

பெரிய கம்பிக் கட்டில் வாங்கினால் கம்பிகளுக்கு நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. ஒரு குளிர்பான டின் அதில் நுழைந்தால் வேண்டாம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் போனால் மெத்தை சின்னது. சொந்தத்தில் கைமாறி வரும் பழைய கட்டிலில் ஒரு பக்கம் கீழே இறங்கும்படி இருந்தால் வாங்காதீர்கள். அந்த வகை பூட்டு கழன்று குழந்தைகள் சிக்கிக்கொண்டதால்தான் அமெரிக்காவில் 2011இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

தூளியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது நம் ஊர்க் கட்டுரையே இல்லை. நானும் சேலைத் தூளியில் வளர்ந்தவள்தான், அழுகிற பிள்ளை தூளியில் போட்டதும் அடங்குவதை நித்தம் பார்க்கிறேன். ஆனால் சேலை பிள்ளையை வில்போல வளைக்கிறது, முதல் மூன்று நான்கு மாதம் கழுத்து நிற்காத குழந்தைக்கு அந்த வளைவு மூச்சுக்கு நல்லதல்ல. துணியும் இரண்டு பக்கமும் முகத்தை மூடுகிறது. அதனால் ராத்திரி முழுக்கத் தூளி வேண்டாம் என்கிறேன். பகலில் அழுகை அடங்க ஆட்டுங்கள், தொட்டில் கட்டை போட்டுச் சேலையை அகலமாக விரியுங்கள், கண் எதிரில் இருக்கட்டும், கண் அசந்ததும் எடுத்துச் சமமான படுக்கையில் மல்லாக்கப் போட்டுவிடுங்கள். தூளி காலியானதும் சேலையை உடனே மேலே எடுத்து முடிந்துவிடுங்கள். நாலு வயது, ஆறு வயதுப் பிள்ளைகள் தொங்கும் சேலையில் விளையாடி, முறுக்கிக்கொண்டு, கழுத்து இறுகிச் செத்த செய்தி வருஷா வருஷம் வருகிறது. கைக்குழந்தையைவிட அண்ணன் அக்காவுக்குத்தான் தூளி அதிக ஆபத்து என்று எனக்குத் தோன்றும்.

கிரிப் வாங்கக் காசில்லை என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். பாயில் படுக்கிற அம்மாவுக்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில், கெட்டியான சின்ன மெத்தையைத் தரையில் போட்டால் அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது, விழுவதற்கு உயரமும் இல்லை. எறும்பு, பூரான், மழைக்கால ஈரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கொசுவலையைத் தளர்வாக விடாமல் இழுத்துக் கட்டுங்கள். நியூசிலாந்தின் மவோரி மக்கள் நாரில் முடைந்த வஹகுரா என்ற தட்டையான கூடையில் குழந்தையைத் தங்கள் படுக்கையிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் பிள்ளைக்குத் தனி இடமும் வேண்டும் என்பதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அது.

ஒரே படுக்கையில் படுப்பதைப் பற்றி நேராகவே சொல்கிறேன். தனி இடம்தான் நல்லது. ஆனால் பால் கொடுத்துக்கொண்டே கண் அசராத தாய் உலகத்தில் இல்லை. அசந்துவிடுவோம் என்று தோன்றினால் சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்காராதீர்கள், இருப்பதிலேயே மோசமான இடம் அதுதான். தலையணை, போர்வை இல்லாத அழுத்தமான படுக்கையில் படுத்துக்கொண்டு கொடுங்கள், விழித்ததும் பிள்ளையை அதன் இடத்துக்கு மாற்றுங்கள். அப்பா குடித்திருந்தாலோ, வீட்டில் யாராவது பீடி சிகரெட் பிடித்தாலோ, யாராவது தூக்க மாத்திரை போட்டிருந்தாலோ, குழந்தை குறைமாதமாகவோ எடை குறைவாகவோ பிறந்திருந்தாலோ ஒரே படுக்கை கூடவே கூடாது. மூத்த பிள்ளையை நடுவில் படுக்க வைக்காதீர்கள்.

கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிறு, தாயத்து எல்லாம் தூங்கும்போது கழுத்தில் வேண்டாம். மே மாத வெயிலில் குல்லாவும் காலுறையும் போட்டுப் பச்சை உடம்பு என்று சுற்றி வைக்கிறார்கள், சூடு ஏறினால் இந்த அபாயமும் ஏறும். கழுத்துக்குப் பின்னால் கை வைத்துப் பாருங்கள், வேர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். மின்விசிறி ஓடட்டும்.

போன மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு அப்பாவின் போன். ஐந்தரை மாதப் பையன், கட்டிலோடு ஒட்டிய கிரிப்பில் தானாகக் கவிழ்ந்து தூங்குகிறானாம், திருப்பிப் போடவா என்று பதறினார். இரண்டு பக்கமும் அவனாகவே புரண்டு வருகிறானா என்று கேட்டேன், இரண்டு வாரமாக என்றார். அப்படியானால் திருப்ப வேண்டாம், படுக்க வைக்கும்போது மட்டும் மல்லாக்க வையுங்கள், துணியில் இறுக்கிச் சுற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள், அந்தக் கிரிப்பின் காலமும் முடிந்துவிட்டது என்றேன். மறுநாள் நாலு பக்கமும் கம்பி உள்ள கட்டிலுக்கு மாற்றி, பலகையைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிப் போட்டோ அனுப்பினார். மூலையில் ஒரு கரடி பொம்மை இருந்தது, அதையும் எடுத்துவிடச் சொன்னேன்.