சின்ன ‘பி’க்கும் சின்ன ‘டி’க்கும் ஏன் இந்தக் குழப்பம்?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் தமிழைத் தடுமாறாமல் எழுதுகிறாள். ஆங்கிலத்தில் மட்டும் சின்ன ‘பி’ (b) போடச் சொன்னால் சின்ன ‘டி’ (d) போடுகிறாள். கண்ணில் கோளாறா? தாயத்துக் கட்டச் சொல்கிறார்களே?

தாயத்து வேண்டாம். இந்த வயதில் இது சகஜம்.

மனிதன் எழுதத் தொடங்கிச் சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்புக்கென்று மூளையில் தனிப்பகுதி உருவாக அது போதாது. அதனால் பொருட்களை அடையாளம் காணும் ஒரு பகுதியையே எழுத்துக்குப் பழக்குகிறோம். அது மூளையின் இடது பாதியில், பின்பக்க அடியில் இருக்கிறது. தமிழோ சீனமோ, ஏறக்குறைய அதே இடம்தான் என்கிறார் பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன்.

அந்தப் பகுதி இடம், வலம் பார்ப்பதில்லை. கிளிமூக்கு மாங்காயின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அது அதே மாங்காய்தானே? பொருளுக்கு இது சரி. ஆனால் ‘பி’யும் ‘டி’யும் ஒரே வடிவம், திசைதான் வேறு. பிறவியிலேயே வந்த பழக்கத்தைக் குழந்தை எழுத்துக்காக மட்டும் விட வேண்டியிருக்கிறது.

தமிழில் அந்த வேலையே இல்லை. கண்ணாடியில் காட்டினால் இன்னோர் எழுத்தாகிவிடும் சோடி நம்மிடம் கிடையாது. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழர்களிடமே இதைச் சோதித்து 2003-இல் வெளியிட்டார். தமிழ் மட்டும் படித்தவர்கள், எழுத்தறியாதவர்களைப் போலவே, ஒரு வடிவத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆங்கில எழுத்தும் தெரிந்தவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டாவதாகக் கற்ற எழுத்து, வெறும் வடிவங்களைப் பார்க்கும் விதத்தையே மாற்றிவிடுகிறது! எனக்கு இது எத்தனை முறை படித்தாலும் அலுக்காத முடிவு.

நம் ஆட்களைப் பற்றிய இந்த ஆய்வை வெளிநாட்டவர் செய்ய வேண்டியிருந்தது. ஏற்காட்டு மலைக்கிராமங்களில் முதல் தலைமுறையாக எழுத்தைத் தொடும் பிள்ளைகள் எப்படி வாசிக்கப் பழகுகிறார்கள் என்று ஆராய, நம் பல்கலைக்கழகங்களுக்கு அரசு தாராளமாகப் பணம் தர வேண்டும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தராதீர்கள். ‘பி’ நன்றாகப் பதிந்த பிறகு ‘டி’க்குப் போங்கள். ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, விரலால் மணலில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். கையின் ஓட்டம் திசையைப் பதியவைக்கும். பிள்ளை இடக்கைப் பழக்கம் உள்ளவளாக இருந்தால் அந்தக் கையை மாற்றவே மாற்றாதீர்கள். எட்டு வயதைத் தாண்டியும் குழப்பம் நீடித்து, ஒலிகளைக் கூட்டிப் படிக்கவும் திணறினால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று நிபுணரிடம் காட்டுங்கள்.