பலாக்கொட்டைக்குத் தெரியாத வித்தியாசம்

நீலகிரியின் பர்லியாறில் பலா பழுக்கும் காலத்தில் யானைகள் வரும். அந்தப் பலாவின் கொட்டைக்குள் ஜாக்கலின் என்றொரு புரதம் இருக்கிறது. பல புற்றுச்செல்களின் மேல் முழுதாக வளராமல் நிற்கும் குட்டைச் சர்க்கரைகளை அது பற்றிக்கொள்ளும். ஆனால் அதே வகைச் சர்க்கரை நம் ரத்தத்தின் ஐஜிஏ1 எதிர்ப்புரதத்திலும் உண்டு, அதையும் விடாது. சர்க்கரை எந்தப் புரதத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று ஜாக்கலின் பார்ப்பதில்லை. மருந்துக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

புற்றுச்செல் தன் புரதங்களின் சர்க்கரை நுனியில் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையை அளவுக்கு மீறிச் சூட்டிக்கொள்கிறது. புற்றுச்செல்லைக் கொல்லும் எதிர்ப்புச் செல்லான என்.கே. செல்லின் மேலுள்ள சிக்லெக்-7 என்ற உணரி அதைத் தொட்டதும் தாக்குதல் அடங்கிவிடும். அந்த நுனியை மறைத்தால் தடை விலகும். மறைக்க வருவதுதான் ஆப்டமர்: தானே மடிந்து ஒரு வடிவம் கொள்ளும் ஒற்றை இழை டிஎன்ஏ.

வடிவமைப்பு என்கிறோம், செய்வது சலித்தெடுப்பு. இரு முனையிலும் மாறாத 20 டிஎன்ஏ எழுத்து, நடுவில் கலைத்துப்போட்ட 40 எழுத்து. இப்படி 1 நானோமோல் எடுத்தால் ஆறு கோடி கோடி இழைகள். 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, மெல்ல ஆறவிட்டால் ஒழுங்காக மடியும். ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் வெந்நீர்த் தொட்டியில் 95 வராது. இறுக மூடிய குழாயில், மூடியும் சூடாகும் பிசிஆர் என்ற டிஎன்ஏ நகலெடுக்கும் கருவியில் வைக்க வேண்டும். டிஎன்ஏ, சயாலிக் அமிலம் இரண்டுக்கும் எதிர்மின்சுமை, ஒன்றையொன்று தள்ளும். கரைசலில் 1 முதல் 5 மில்லிமோலார் மக்னீசியம் சேர்ப்பது அதைத் தணிக்கத்தான்.

ஆப்டமர் பிடிக்க வேண்டிய இலக்குப் புரதத்தை மனிதச் செல்லில் தயாரிக்க வேண்டும். சாதாரண ஈ.கோலை பாக்டீரியாவில் செய்தால் மனிதச் சர்க்கரையே ஏறாது.

இலக்கில் ஒட்டிய இழைகளைப் பிரித்து, பிசிஆரில் பெருக்கி, மறுபடி சலிப்பதுதான் ஒரு சுற்று. இரண்டாம் சுற்றிலிருந்து இரண்டு சல்லடை. சயாலிடேஸ் நொதியால் நுனி நறுக்கப்பட்ட அதே புரதத்தில் ஒட்டுபவை வெறும் புரதத்தைப் பிடிப்பவை; கழியுங்கள். கன்றுச் சீரத்தில் உள்ள, சயாலிக் அமிலம் ஏறிய ஃபெட்டுயின் புரதத்தில் ஒட்டுபவை சயாலிக் அமிலம் கண்ட இடமெல்லாம் பிடிப்பவை, அவையும் வேண்டாம். மிஞ்சுவதை உண்மையான இலக்கோடு சேருங்கள். முதல் சுற்றில் மட்டும் கழிக்காதீர்கள்: ஒவ்வொரு இழையும் அநேகமாக ஒரே நகல்தான், போனால் போனதுதான்.

பெரும்பாலும் கெடுவது பிசிஆரில். சுழற்சி கூடினால் இழைகள் தாறுமாறாகக் கோத்துக்கொண்டு, நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் மேலே மங்கலாகப் படரும். 6, 8, 10, 12 சுழற்சிகளில் சிறு மாதிரி ஓட்டி, 80 எழுத்துப் பட்டை தனியாகத் தெளியும் இடத்தில் நிறுத்துங்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு சுற்றில் கிடைப்பதும் உடலுக்குள் அப்படியே நிற்காது. நொதிகள் வெட்டும், 25 கிலோடால்டன் என்ற சிறிய எடை என்பதால் சிறுநீரகம் சீக்கிரமே வடிகட்டிவிடும். நொதி வெட்டாதபடி முனையைப் பூட்டி, எடை கூட்ட பெக் என்ற பாலிமர் சங்கிலி இணைத்தபின், ஒட்டும் திறனை மறுபடி அளக்க வேண்டும்.