ஒரு பவுண்டுக்குக் கால்பந்து கிளப்: பத்திரத்தில் என்ன பார்க்க வேண்டும்?

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டுக்கு விலை பேசுகிறவர் ஆத்தங்குடிக் கல்லையும் பர்மா தேக்கையும் பார்த்து முன்பணம் கொடுப்பதில்லை. பங்காளிகள் எத்தனை பேர், எல்லாரும் கையெழுத்துப் போடுவார்களா, தாய்ப்பத்திரம் யார் கையில், வில்லங்கச் சான்றில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார். அதே ஆளிடம் மலேசியாவிலிருந்து உறவுக்காரர் ஒருவர், "இங்கிலாந்தில் சின்ன கிளப் ஒன்று மலிவாக வருகிறது, நீங்களும் ஒரு பங்கு போடுங்கள்" என்று சொல்லட்டும். உடனே கிளப் ஜெயித்த கோப்பைகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்.

கோப்பைக்கு இங்கிலாந்தின் பெரி (Bury) கிளப்பிடம் பஞ்சமில்லை. 1885-ல் தொடங்கிய கிளப் அது. 1900, 1903 என இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்றது. 2018 டிசம்பரில் அது 1 பவுண்டுக்குக் கைமாறியது. இது தள்ளுபடி விலை என்று நினைத்தால் தவறு. சொத்தைக் கடன் விழுங்கிவிட்டால் மிஞ்சுவது அவ்வளவுதான்; வாங்குகிறவர் 1 பவுண்டோடு அத்தனை கடனையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார். மைதானமான கிக் லேன் அப்போது அடமானத்தில் இருந்தது. 2019-ல் அணி மேல் பிரிவுக்கு முன்னேறியது, ஆனால் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. கிளப்பை நடத்தப் பணம் இருப்பதற்கான ஆதாரம், போட்டிகளை நடத்தும் அமைப்பான லீக்குக்குக் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 27 அன்று கிளப் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது.

ஆகவே முதல் கேள்வி, மைதானம் யார் பேரில் இருக்கிறது என்பது. இங்கிலாந்தின் இன்னொரு கிளப்பான டெர்பி கவுன்டி 2018-ல் தன் பிரைட் பார்க் மைதானத்தைச் சுமார் 8 கோடி பவுண்டுக்குத் தன் உரிமையாளரின் இன்னொரு நிறுவனத்துக்கே விற்றது. அந்த ஆண்டு ஏட்டில் லாபம் தெரிந்தது. 2021-ல் கிளப் திவால் நிர்வாகியிடம் போனது. 12, பிறகு 9 என மொத்தம் 21 புள்ளிகள் வெட்டப்பட்டு, கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. வாங்க வந்தவர்கள் கிளப்புக்கு ஒரு பேச்சு, மைதானத்துக்குத் தனியாக ஒரு பேச்சு நடத்த வேண்டியதாயிற்று. லண்டனின் செல்சி கிளப்பில் கதை நேர்மாறு. அங்கே ஆடுகள நிலமும் 'செல்சி' என்ற பெயரும், ரசிகர்கள் பங்கு வைத்திருக்கும் ஓர் அமைப்பிடம் இருக்கின்றன. 2022-ல் 250 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அவை கிடைக்கவில்லை. நம்மூர்ப் பங்காளி வீடு மாதிரிதான்.

அடுத்து ஐந்தொகை, அதாவது கிளப்பின் சொத்து-கடன் கணக்கு (balance sheet). மூன்று இடங்களில் நிதானமாகப் படியுங்கள். ஆட்டக்காரர்களை வாங்கியதில் இன்னும் கட்ட வேண்டிய தவணைகள் ஒன்று. இங்கிலாந்து லீக்கில் தொடர வேண்டுமானால் ஆட்டக்காரர் சம்பளமும் மற்ற கிளப்புகளுக்கான பாக்கியும் முழுதாகத் தீர வேண்டும். மளிகைக்காரர் பில் பின்னால்தான். உரிமையாளர் கொடுத்த கடன் இரண்டாவது: அது ரத்தாகிறதா, பங்காக மாறுகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது, வாங்கத் திரட்டிய கடன் யார் தலையில் விழுகிறது என்பது. 2005-ல் மான்செஸ்டர் யுனைடெட் சுமார் 79 கோடி பவுண்டுக்குக் கைமாறியபோது அந்தக் கடனில் பெரும்பகுதி கிளப் மேலேயே ஏற்றப்பட்டது. அதுவரை பெரிய கடன் இல்லாத கிளப் அது!

வாங்கும் விலை சின்னத் தொகை; நடத்தும் செலவுதான் பெரியது. இந்தியக் கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ் 2010-ல் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் கிளப்பை வாங்கியது சுமார் 2.3 கோடி பவுண்டுக்கு. அதன்பின் நட்டத்தை ஈடுகட்டப் போட்ட பணம் அதைப்போலப் பல மடங்கு.

இங்கிருந்து பணம் அனுப்பும் வழிக்கும் கட்டுப்பாடு உண்டு. இந்தியாவில் வசிக்கும் ஒருவர், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்.ஆர்.எஸ். (LRS) திட்டத்தில் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். முதலீட்டுக்காக அனுப்பும்போது 10 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு 20% டி.சி.எஸ். (TCS) என்ற முன்வரி பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பட்டியலிடப்படாத வெளிநாட்டு நிறுவனத்தில் பங்கு வாங்கினால், பங்குச் சான்றிதழை 6 மாதத்துக்குள் வங்கியிடம் கொடுக்க வேண்டும். பலர் சறுக்குவது இதற்கு முந்தைய படியில். கிளப்பின் மேல் ஒரு தாய் நிறுவனம் இருப்பது வழக்கம். அந்தத் தாய் நிறுவனம் உங்கள் கட்டுப்பாட்டுக்குள் வந்து, அதற்கு ஒரு துணை நிறுவனமும் இருந்தால் (கிளப்பே அப்படி ஒன்றுதான்), வெளிநாட்டு முதலீட்டுக்கான 2022 விதிகளின்படி தனிநபராக அதில் முதலீடு செய்ய முடியாது. இதைப் பணம் போன பிறகு கண்டுபிடிப்பவர்கள் அதிகம்.

உள்ளூர் கிளப்பை "விலைக்கு வாங்குகிறேன்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி பதிவான சங்கத்துக்குப் பங்கு கிடையாது. எனவே விற்க ஒன்றுமில்லை. செயலாளரிடம் பணம் கொடுத்தால் அது அவர் பையில்தான் இருக்கும். நிர்வாகக் குழு மாற்றம் பொதுக்குழுவில் நிறைவேறி, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும்.

வெளிநாடானால், புதிய உரிமையாளரை லீக் சோதித்து அனுமதி தரும்வரை முன்பணம் விற்பவர் கணக்குக்குப் போகக்கூடாது. இரு தரப்பு வழக்கறிஞர்களும் ஒப்புக்கொண்ட பொதுக் கணக்கில் அது நிற்கட்டும். அனுமதி மறுக்கப்பட்டால் எத்தனை நாளில் திரும்ப வரும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.