விருந்துக்குச் சீஸ் ரொட்டி சுடுபவர்கள் கவனிக்க வேண்டியவை

கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறைகளிலும், சித்திரைத் திருவிழாவுக்கு உறவினர்கள் வந்து வீடு நிறையும் நாள்களிலும், மதுரையில் நான் நடத்தும் பேக்கரி வகுப்புக்கு வருபவர்கள் விரும்பிக் கேட்பது, சீஸ் பூரணம் வைத்த உருண்டைகளை நெருக்கி அடுக்கிச் சுட்டு ஆளுக்கொன்றாகப் பிய்த்துச் சாப்பிடும் ரொட்டியைத்தான். வீட்டிலேயே அருமையாகச் செய்யலாம். ஆனால் பலர் இதைச் சாதாரண பன் என்று நினைத்துக் காலையில் சுட்டு இரவு வரை மேசையிலேயே விட்டுவிடுவது எனக்குக் கவலை தருகிறது. சீஸும் கோழிக்கறியும் உள்ளே போய்விட்டால், குழம்புக்கும் பொரியலுக்கும் காட்டும் கவனத்தை இதற்கும் காட்டியே ஆக வேண்டும்.

500 கிராம் மைதா, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 8 கிராம் உப்பு, 50 கிராம் வெண்ணெய், சுமார் 300 மில்லி வெதுவெதுப்பான பால் ஆகியவற்றைப் பிசைந்தால் 35 கிராம் அளவில் ஏறத்தாழ 24 உருண்டைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் 10 கிராம் சீஸ் போதும். நம் ஊர்க் கோடையில் மாவு வேகமாக உப்பிவிடும் என்பதால், கடிகாரத்தைப் பார்க்காமல், மாவு இருமடங்கானதா என்று பார்ப்பதே சரி. பூரணம் ஈரமில்லாமல் வதங்கி, முழுவதும் ஆறியிருக்க வேண்டும். ஈரமான பூரணத்தைச் சுற்றியுள்ள மாவு வேகாமல் பசைபோல நின்றுவிடும். கோழிக்கறியைப் பச்சையாக ஒருபோதும் உள்ளே வைக்காதீர்கள்.

180 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடங்களில் மேற்புறம் பொன்னிறமாகும். அந்த நிறத்தை மட்டும் நம்பி வெளியே எடுப்பதுதான் நான் அதிகமாகக் காணும் தவறு. ஓரத்து உருண்டைகள் வெந்த பிறகும் தட்டின் நடுவில் இருப்பவை வேகாமல் இருக்கலாம். உணவு வெப்பமானியை நடு உருண்டையில் செருகினால் 90 டிகிரியாவது காட்ட வேண்டும். அதற்குள் மேற்புறம் கருகத் தொடங்கினால் அலுமினியத் தாளால் மூடிவிட்டுத் தொடருங்கள்.

மேலே தடவும் பூண்டு வெண்ணெயை அன்றன்றைக்குச் செய்வதே நல்லது. எண்ணெயிலோ வெண்ணெயிலோ மூழ்கிய பச்சைப் பூண்டுக்குக் காற்றுப் படாது. அதை வெளியில் நாள்கணக்கில் வைத்தால், போட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் கிருமி அதில் வளரக்கூடும்.

பரிமாறிய பிறகு இரண்டு மணி நேரம்தான் கெடு. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். சித்திரையில் நமக்குப் பொருந்துவது இரண்டாவது கணக்கே. இந்த ரொட்டியைப் பலரும் கையால் பிய்ப்பதால், தோலிலும் மூக்கிலும் இயல்பாக வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி எளிதில் ஒட்டிக்கொள்ளும். அது வெளிவிடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே கைபட்ட மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள். அடுத்த வேளைக்கு வேண்டியதை யாரும் தொடுமுன் தனியாக எடுத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் நடுப்பகுதி 74 டிகிரி எட்டும்வரை சூடாக்குங்கள்.

பெரிய கூட்டம் என்றால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்காமல் இரண்டு சிறிய தட்டுகளாகப் பிரித்து, ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, முதலாவது தீரும் நேரத்தைக் கணக்கிட்டு வெளியே எடுத்துச் சுடுங்கள். அன்று உங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்பதை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்; கதவைத் திறக்காவிட்டால் குளிர்பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாங்கும்.