சுங்கானை மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள், ஐயாமாரே

போன கிழமை என் பல் கிளினிக்குக்கு ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு ஐயா வந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். மேலண்ணத்தில் வெள்ளையாகத் தோல் உரிந்து, கீழ்ச் சொண்டு வீங்கி, தண்ணீர்கூட விழுங்க முடியாத நிலை. "சூடாக என்ன ஐயா குடித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் குடிக்கேல்லை பிள்ளை. சுங்கானைத் துப்புரவாக்கினனான்."

சுங்கான் என்றால் புகையிலை வைத்துப் பிடிக்கும் பைப். இது மகன் லண்டனிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வளைந்த சுங்கான். குழாயில் கசடு அடைத்து இழுவை நின்றுபோயிருக்கிறது. தண்ணீர் இறைக்கும் மெஷினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை எடுத்துக் குழாய்க்குள் ஊற்றியிருக்கிறார். அது வளைவைத் தாண்டி இறங்கவில்லை. கானிலிருந்து எண்ணெய் எடுக்க ரியூப்பை வாயால் உறிஞ்சுவோமே, அதேபோல உறிஞ்சியிருக்கிறார். ஒரு மிடறு வாய்க்குள் வந்துவிட்டது. துப்பி, வாய் கொப்புளித்து, அரை மணி நேரத்தில் அதே சுங்கானைப் பற்றவைத்தும் இருக்கிறார்.

இந்த வருடம் சுங்கான் கழுவப் போய் என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது. ஒருவர் ஈர்க்கை விட்டுக் குடைந்து, அது வளைவுக்குள் முறிந்து, இழுத்த இழுப்பில் துண்டு தொண்டையில் குத்தி வந்தார். இன்னொருவர் கக்கூஸ் கழுவும் திரவத்தில் ஊறவைத்தார். அதனால்தான் எழுதுகிறேன். நான் பல் வைத்தியர், என் கிளினிக்கில் முதலில் சொல்வது புகையை விடச் சொல்லித்தான். ஆனால் 40 வருடம் புகைத்தவர் நான் சொன்ன அன்றைக்கே விடுவதில்லை. விடும்வரை மண்ணெண்ணெய் குடிக்காமலாவது இருக்கட்டும்.

மண்ணெண்ணெய் வாயைச் சுடுவதோடு நிற்காது. உறிஞ்சும்போது இருமல் வந்து கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போனாலே நுரையீரல் அழற்சி வரலாம். அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போகும். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வளைந்த சுங்கான் ஏன் சீக்கிரம் அடைக்கிறது என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. பள்ளத்தில்தான் தண்ணீர் நிற்கும். புகையோடு வரும் ஈரமும் உங்கள் எச்சிலும் வளைவில் தங்கி, புகையிலைக் கசடோடு சேர்ந்து கறுப்புக் களியாகிவிடும். நேர்ச் சுங்கானைவிட வளைந்தது பல்லுக்குப் பாரம் குறைவு என்பது உண்மை. ஆனால் துப்புரவுக்கு அது இரண்டு மடங்கு வேலை கேட்கும்.

அந்தக் குழாய் எதனால் செய்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பெரும்பாலும் அது இரண்டு பொருள்களில் ஒன்றுதான். எனக்குத் தெரியும், ஏனென்றால் அவை இரண்டுமே எங்கள் தொழில் பொருள்கள். கறுப்பாக, கொஞ்சம் மென்மையாக இருந்தால் அது பெரும்பாலும் வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். 1850களிலிருந்து 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வரும்வரை பொய்ப்பல் தட்டு செய்தது இந்த வல்கனைட்டில்தான். பளபளப்பாக, கண்ணாடிபோல, நிறநிறமாக இருந்தால் அது அக்ரிலிக். இன்று நான் கட்டித் தரும் பொய்ப்பல்லின் முரசு (ஈறு) நிறத் தட்டும் அக்ரிலிக்தான். பொய்ப்பல் வாங்குபவர்களிடம் நான் சொல்வதையே சுங்கான்காரருக்கும் சொல்கிறேன்: கொதிதண்ணீர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம். ஸ்பிரிட் பட்டால் அக்ரிலிக் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும், அந்த வெடிப்புகளில் ஊத்தை தங்கும். வல்கனைட் கொதிதண்ணீரில் இளகி, வளைக்கப்பட்டதற்கு முந்திய வடிவத்துக்கே திரும்பும். மருமகள் பால்போத்தலோடு சேர்த்து அவித்து எடுத்த ஒரு சுங்கானைப் பார்த்திருக்கிறேன், குழாய் நிமிர்ந்து நேராகியிருந்தது. வெயிலும் கூடாது. நம் ஊர் வெயிலில் வேலியோரக் கட்டில் வைத்தால் வல்கனைட் பச்சையும் மண்ணிறமுமாகப் பூத்து, கந்தக நாற்றத்தோடு வாயில் கசக்கும்.

புகையிலை வைக்கும் தலைப்பகுதி பெரும்பாலும் பிரையர் என்ற மரம். மத்தியதரைக்கடல் பக்கத்துப் புதர் ஒன்றின் வேர்க்கட்டையிலிருந்து எடுப்பது. சூட்டைத் தாங்கும், ஈரத்தை உறிஞ்சும், ஆனால் ஊறவைத்தால் ஊதி வெடிக்கும். தலை உடைந்தால் முதிரை மரத்தில் கடைந்து பூட்டலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். முதிரைத் தூள் தோலில் பட்டாலே சிலருக்குச் சொறி வரும், நம் தச்சர்களைக் கேளுங்கள். அதைச் சூடாக்கி வாய்க்குப் பக்கத்தில் வைக்கலாமா?

சரி, எப்படித் துப்புரவாக்குவது?

முதலில் ஆறவிடுங்கள். கை வைத்தால் சூடே தெரியக்கூடாது. சூட்டோடு குழாயைக் கழற்றினால் பொருத்து தளர்ந்துவிடும் அல்லது முறிந்துவிடும். ஆறிய பிறகு தலையின் கழுத்தை ஒரு கையால் பிடித்து, குழாயை ஒரே பக்கமாக மெல்லத் திருகிக்கொண்டு இழுங்கள். ஆட்டாதீர்கள். பைப் கிளீனர் என்று மெல்லிய கம்பியில் பஞ்சு முறுக்கிய ஒன்று இருக்கிறது. சுங்கான் அனுப்புகிற பிள்ளை அதையும் ஒரு கட்டு அனுப்பலாமே? பள்ளிக் கைவேலைக்கு விற்கும் நிறக் கம்பியும் பார்வைக்கு அதேபோல இருக்கும், ஆனால் அதிலிருப்பது செயற்கை நார், ஈரத்தை உறிஞ்சாது. கிளீனரின் நுனியைக் கொஞ்சம் வளைத்து, வாயில் வைக்கும் முனையிலிருந்து விடுங்கள். வளைவில் தடைப்பட்டால் இடிக்காதீர்கள். வெளியே எடுத்து, கழற்றிய மற்றப் பக்கத்திலிருந்து விடுங்கள். ஈர்க்கு, சைக்கிள் கம்பி, ஊசி எதுவும் வேண்டாம். நுனி வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றி விட வேண்டும். இதை ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள், கிழமைக்கொருமுறை அல்ல.

அடைப்பு முற்றிவிட்டால், அக்ரிலிக் குழாயைத் தனியே கழற்றி இளஞ்சூட்டுத் தண்ணீரும் துளி சவர்க்காரமும் போட்டுக் கழுவலாம். வல்கனைட் என்றால் கிளீனரை நிறமில்லாத குடிவகை ஒன்றில் நனைத்து உள்ளே மட்டும் துடைக்கலாம். மருந்துக்கடை ஸ்பிரிட்டும் விளக்கெரிக்கும் நீல ஸ்பிரிட்டும் வேண்டாம், அவற்றில் மெதனோல் கலந்திருக்கலாம், கண்பார்வையைப் பறிக்கும் சாமான் அது. கழுவிய எதுவும் ஓர் இரவு முழுக்கக் காய வேண்டும். குடிவகை ஈரத்தோடு நெருப்பு வைப்பவர்களுக்கு நான் என்ன சொல்ல!

தலைக்குள் படியும் கரி ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு இருந்தால் போதும், அது மரத்தைக் காக்கும். தடித்தால் சூட்டில் விரிந்து தலையையே வெடிக்க வைக்கும். மழுங்கிய கத்தியால் சுற்றிச் சுரண்டுங்கள். சாம்பல் கொட்ட வாங்கிலில் தட்டாதீர்கள். ஒரு தடவை புகைத்தால் ஒரு நாளாவது சுங்கானை ஓய்வாக விடுங்கள். இந்த வேலையைப் பேரப்பிள்ளையிடம் கொடுக்கவே கூடாது. அந்தக் கறுப்புக் களியில் இருப்பது நிக்கோட்டின், சிறுபிள்ளையின் வாய்க்குள் கொஞ்சம் போனாலே வாந்தி, தலைச்சுற்று. கடைக்கு அனுப்பிப் புகையிலை வாங்குவிப்பதும் கூடாது. இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புகையிலை விற்பது குற்றம்.

இனி எனக்கு உண்மையிலேயே பொறுக்காத விஷயம்.

"நான் புகையை உள்ளுக்கு இழுக்கிறேல்லை பிள்ளை, வாய்க்குள்ளை வச்சு விடுறன். சுங்கானும் துப்புரவு. எனக்கு ஒண்டும் வராது." சுங்கான் பிடிக்கும் ஒவ்வொருவரும் இதையே சொல்கிறார்கள், படித்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உட்பட. நெஞ்சுக்குப் போகாத புகை எங்கே நிற்கிறது ஐயா? வாயில்தானே. சிகரெட் புகை பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது, நிக்கோட்டின் இரத்தத்தில் ஏற அதை நுரையீரல்வரை இழுக்க வேண்டும். சுங்கான் புகையும் சுருட்டுப் புகையும் காரத்தன்மை கூடியவை. அதனால் நிக்கோட்டின் வாயின் தோல் வழியாகவே ஏறிவிடும். உள்ளே இழுக்காமலே உங்களுக்கு ஆறுதல் வருகிறதே, அது எப்படி என்று யோசித்தீர்களா? உங்கள் கன்னத்தோலும் நாக்கின் அடியும் அதைக் குடிக்கின்றன. நிக்கோட்டின் போகும் இடத்துக்குத் தாரும் வருகிறது.

துப்புரவு என்கிறீர்கள். கிளீனரில் கறுப்பாக வருவதைப் பாருங்கள். அது குழாயில் தங்கிய மிச்சம் மட்டும். குழாயைத் தாண்டி வந்தது உங்கள் மேலண்ணத்தில் படிந்திருக்கிறது, அங்கே எந்தக் கிளீனரும் போவதில்லை. சில வளைந்த சுங்கான்களில் பில்டர் வைக்கலாம். அது ஈரத்தைக் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். சுங்கான் பிடிப்பவர்களுக்குக் கீழ்ச்சொண்டில் புற்றுநோய் வருகிறது என்று சொம்மரிங் என்ற ஜேர்மன் வைத்தியர் 1795இலேயே எழுதிவிட்டார். இலங்கை ஆண்களுக்கு மிகக் கூடுதலாக வரும் புற்றுநோய் இன்றும் வாய்ப் புற்றுநோய்தான். சுங்கானோடு வெற்றிலை புகையிலையும் போடுபவர்கள் தயவுசெய்து இந்த வரியை இன்னொருமுறை படியுங்கள்.

வீட்டில் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். மேலண்ணம் வெளிறி அதில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது சூட்டுக்கும் புகைக்கும் எச்சில் சுரப்பிகளின் வாய் வீங்கியது. புகையை நிறுத்தினால் பெரும்பாலும் சில கிழமைகளில் மாறும். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, வெல்வெட் போன்ற சிவப்புப் படை, 3 கிழமைக்கு மேல் ஆறாத புண், இவை எதற்கும் பொறுத்திருக்க வேண்டாம். நோவில்லை என்பதால் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடாதீர்கள். இவை ஆரம்பத்தில் நோவதில்லை. முன்பு சிகிச்சைக்குக் கொழும்புப் பக்கம் மகரகமைக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிலேயே புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது, ஆனால் எல்லோரும் முற்றிய பிறகுதான் போகிறார்கள்.

அந்த ஐயா நேற்றுத் திரும்ப வந்தார். மண்ணெண்ணெய்ச் சூடு ஆறிவிட்டது. உரிந்த தோல் போன பிறகு, இடது பக்கக் கடைவாயின் உள்ளே, சரியாகக் குழாய் வந்து படும் இடத்தில், ஒரு வெள்ளைப் படை தெரிந்தது. கோஸ் துணியால் துடைத்தேன், போகவில்லை. தசைத்துண்டு எடுத்துப் பரிசோதிக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

"நெல்லு வெட்டு முடியட்டும் பிள்ளை" என்றார்.

வெட்டுவதற்கு மெஷின் இருக்கிறது, ஐயா வரம்பில் நிற்கத் தேவையில்லை என்று மகளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன். லண்டன் மகனின் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் முதல் அழைப்பு அங்கேதான்.