ஓஹி: ஒரு மறுப்புக்குக் கிடைத்த விடுமுறை

அக்டோபர் 28 வந்தால் கிரேக்கத்திலும் சைப்ரசிலும் அரசு விடுமுறை. அந்த நாளின் பெயரே 'ஓஹி', கிரேக்க மொழியில் மறுத்துச் சொல்லும் சொல். ரோமன் எழுத்தில் நடுவில் எக்ஸ் போட்டு எழுதுகிறார்களே என்று 'ஆக்ஸி' எனப் படித்துவிடாதீர்கள், அது எக்ஸ் இல்லை, 'ஹி' என்ற கிரேக்க எழுத்து.

பண்டைய கிரேக்கத்தில் எதிர்மறைக்கு 'ஊ' என்றொரு சொல் உண்டு, அதை அழுத்திச் சொன்னால் 'ஊகி'. அதுவே திரிந்து இன்றைய ஓஹி ஆனது. (தாமஸ் மோர் 1516-ல் 'உட்டோபியா' என்று பெயர் கட்டியதும் இதே 'ஊ'வோடு, இடத்தைக் குறிக்கும் 'தோபோஸ்' சேர்த்துத்தான்.) கிரேக்கத்தில் ஆமாம் என்பதற்கு, ஆங்கில 'நோ' போலக் காதில் விழும் 'நே' என்பார்கள், புதிதாகப் போகிறவர்கள் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, விடுமுறைக்கு வருவோம். 1940 அக்டோபர் 28, விடியற்காலை 3 மணி வாக்கில் இத்தாலியத் தூதர் இமானுவேலே கிராட்ஸி, கிரேக்கப் பிரதமர் இயோன்னிஸ் மெட்டாக்ஸாஸை வீட்டில் எழுப்பி முசோலினியின் இறுதி எச்சரிக்கையைக் கொடுத்தார். இத்தாலியப் படைகள் உள்ளே வந்து முக்கிய இடங்களில் உட்கார விட வேண்டும், 6 மணிக்குள் பதில் வேண்டும், ஆனால் எந்தெந்த இடங்கள் என்பது அதில் இல்லை! கிராட்ஸி பின்னாளில் எழுதியபடி, மெட்டாக்ஸாஸ் பிரெஞ்சில் சொன்ன பதில், "அப்படியானால் போர்தான்." ஓஹி என்பது பத்திரிகைகளும் தெருவில் இறங்கிய மக்களும் அதைச் சுருக்கிக்கொண்ட வடிவம்.

கெடு முடியும் முன்பே, இத்தாலியின் பிடியில் இருந்த அல்பேனியா பக்கமிருந்து தாக்குதல் தொடங்கியது. கிரேக்கப் படை திருப்பி அடித்து நவம்பரில் அல்பேனியாவுக்குள்ளேயே போய் கொர்ச்சா நகரைப் பிடித்தது. மெட்டாக்ஸாஸ் 1941 ஜனவரி 29-ல் இறந்தார், ஏப்ரலில் ஜெர்மானியர் இறங்கி ஏதென்ஸைப் பிடித்தார்கள். 1936 முதல் நாட்டைச் சர்வாதிகாரியாக ஆண்டவர் மெட்டாக்ஸாஸ், ஆகவே பல கிரேக்கர்கள் இந்த 'ஓஹி' மக்களுடையது, அவருடையது அல்ல என்பார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

தமிழில் என்ன சொல்வது? 'இல்லை நாள்' என்று சிலர் போடுகிறார்கள், பொருந்தவில்லை. தமிழில் 'இல்லை' பெரும்பாலும் ஒன்று இல்லாததைச் சொல்லும், கேட்டதைத் தர மறுக்கும்போது நம் வாயில் வருவது 'முடியாது'தான். கிரேக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ஓஹி. 2015 ஜூலை 5 அன்று கிரேக்கத்தில் நடந்த வாக்கெடுப்பில், நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளுக்கு 61 சதவீதத்துக்கு மேல் விழுந்ததும் ஓஹிதான், அதைத் தமிழில் 'வேண்டாம்' என்போம். நாளின் பெயராக எழுத 'மறுப்பு நாள்' போதும், மெட்டாக்ஸாஸ் வாயில் வைப்பதென்றால் 'முடியாது'.