‘கல்வி உளவியல்’ வேறு, ‘கல்வியியலும் உளவியலும்’ வேறு

போன மாதம் அக்கா மகள் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வந்தாள். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தின் ‘எஜுகேஷன் வித் சைக்காலஜி’ இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். “மாமா, ஆச்சி கேக்குறாங்க. இதத் தமிழ்ல என்னன்னு சொல்றது?” என்றாள். “கல்வி உளவியல்” என்று உடனே சொல்லி அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் அவளைத் திரும்பக் கூப்பிட்டு, நான் சொன்னது சரியில்லை என்றேன். நம் ஊரில் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்பதால், சொற்களைப் பிரித்துப் பார்த்து விளக்கமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கல்வி உளவியல் என்பது ஒரே துறை. பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள், எதனால் மறக்கிறார்கள், எது அவர்களைப் படிக்கத் தூண்டுகிறது, எது அச்சுறுத்துகிறது என்று ஆராய்வது அதன் வேலை. ஆங்கிலத்தில் ‘எஜுகேஷனல் சைக்காலஜி’. அக்கா மகள் படிக்கப் போவதில் இரண்டு துறைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றான கல்வியியலில் மனத்தைத் தொடாத பாடங்களும் உண்டு. பள்ளிகளின் வரலாறு, அரசின் கல்விக் கொள்கை, கல்விக்கும் சாதி வர்க்கத்துக்கும் உள்ள உறவு எல்லாம் அதில் வரும். உளவியலிலும் அப்படியே. கண் எப்படிப் பார்க்கிறது, மூளை எப்படி இயங்குகிறது என்று வகுப்பறைக்கு வெகு தொலைவில் இருக்கும் பாடங்கள் நிறைய. இரண்டு வயல்களும் ஒட்டிக் கிடக்கின்றன. நடுவில் இருக்கும் வரப்புதான் கல்வி உளவியல். வரப்பின் பெயரை இரண்டு வயலுக்கும் வைத்தால் குழப்பம்தானே.

சரி, முதல் சொல்லுக்கு வருவோம். ‘எஜுகேஷன்’ லத்தீன் மொழியின் ‘எடுகாரே’ என்ற வினையிலிருந்து வந்தது. வளர்த்தல், பேணி ஆளாக்குதல் என்று பொருள். உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருதல் என்ற பொருளுடைய ‘எடுகேரே’தான் மூலம் என்று மேடைகளில் அடிக்கடி சொல்வார்கள். கேட்க அழகாக இருந்தாலும் நேரான மூலம் வளர்த்தல்தான். கற்பிக்கும் முறையைக் குறிக்கும் ‘பெடகாஜி’ என்ற சொல்லும் இப்படித்தான். பழைய கிரேக்கத்தில் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்த அடிமைக்குப் பெயர் ‘பைடகோகோஸ்’, அதாவது பிள்ளையை நடத்திச் செல்பவர். இரண்டு சொற்களும் பெரியவரின் பக்கத்தில் நின்று பிறந்தவை.

நம் ‘கல்வி’ எதிர்ப்பக்கத்தில் பிறந்தது. கல் என்ற வினையோடு ‘வி’ சேர்ந்து கல்வி. கேள் கேள்வி ஆனது போல, வேள் வேள்வி ஆனது போல. கற்பவர் செய்யும் செயலின் பெயர் அது. ஆசிரியரைக் குறிக்க வேண்டுமானால் ‘கற்பி’ என்று பிறவினையாக்க வேண்டியிருக்கிறது. குறளில் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என்று நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. நான்குமே கற்பவரைப் பற்றியவை. பிள்ளையின் மனத்திலிருந்து தொடங்கும் ஒரு துறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வாய்க்காது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லுதல் என்றால் தோண்டுதல். மணற்கேணி தோண்டத் தோண்ட ஊறுவது போலக் கற்கக் கற்க அறிவு ஊறும் என்ற குறளை வைத்து, கல்வியே தோண்டுதல்தான் என்று விளக்குவோர் உண்டு. திராவிடச் சொற்பிறப்பு அகராதி இரண்டையும் தனித்தனி வேர்களாகவே தருகிறது. எனவே குறளின் உவமையை உவமையாகவே ரசிப்போம், வேர் என்று அடித்துச் சொல்ல வேண்டாம்.

கல்வி செயலின் பெயர். அதை ஆராயும் துறை கல்வியியல். இங்கேதான் தமிழ்நாட்டில் ஒரு சிக்கல். நமக்குக் கல்வியியல் கல்லூரி என்றால் பி.எட். கல்லூரி. பழைய ஆட்கள் அதைப் பி.டி. என்பார்கள், பள்ளிகளில் ‘பி.டி. அசிஸ்டென்ட்’ என்ற பெயர் இன்னும் புழங்குகிறது. இலங்கையிலும் ஆசிரியர்களைப் பயிற்றும் நிறுவனத்துக்குத் தேசிய கல்வியியற் கல்லூரி என்றே பெயர். ஆகவே ‘கல்வியியல் பட்டம்’ என்று சொன்னதும், “ஓ, டீச்சராகப் போறாளா?” என்பார்கள். ஆச்சியும் அதையேதான் கேட்டார். இங்கிலாந்தில் இந்த இளங்கலைப் பட்டம் கல்வியை ஒரு துறையாக ஆராய்கிறது, அவ்வளவுதான். அங்கே அரசுப் பள்ளியில் ஆசிரியராக வேண்டுமானால் பொதுவாக இதற்கு மேல் ஆசிரியத் தகுதிக்கான பயிற்சியைத் தனியாக முடிக்க வேண்டும்.

அடுத்து உளவியல். கிரேக்கத்தில் ‘சைக்கே’ என்றால் மூச்சு, உயிர், ஆன்மா. பட்டாம்பூச்சிக்கும் அதே பெயர். அதோடு ஆய்வைக் குறிக்கும் ‘லோகோஸ்’ சேர்த்துச் ‘சைக்காலஜி’ என்ற சொல்லைக் கட்டியவர்கள் கிரேக்கர்கள் அல்லர், பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள். 1590-இல் ஜெர்மன் அறிஞர் கோக்லேனியுஸ் இதையே ஒரு நூலின் தலைப்பாக வைத்தார். 1732-லும் 1734-லும் ஜெர்மன் மெய்யியலாளர் கிறிஸ்டியன் வோல்ஃப் எழுதிய இரண்டு நூல்களால் சொல் பரவியது. 1879-இல் உளவியலாளர் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆய்வுக்கூடம் தொடங்கிய பிறகு ஆன்மாவைப் பற்றிய பேச்சு குறைந்து, அளந்து பார்க்கும் அறிவியலின் பெயராக அது மாறியது.

தமிழில் முதலில் பரவலாக இருந்தது மனோதத்துவம். ‘மனோதத்துவ நிபுணர்’ இன்றும் வார இதழ்களில் உயிரோடு இருக்கிறார். தத்துவம் என்ற சொல் மெய்யியலை நினைவூட்டுவதால் சோதனைக்கூட அறிவியலுக்கு அது பொருந்தவில்லை. உளநூல், மனநூல் என்றும் எழுதிப் பார்த்தார்கள். அப்போது துறைகளுக்கு ‘நூல்’ என்று முடியும் பெயர் வைப்பது வழக்கம். வானநூல் வானியல் ஆனது போல உளநூலும் உளவியல் ஆனது. இயல் என்றால் தன்மை, இயங்கும் முறை. நூலின் உட்பிரிவுக்கும் அதே பெயர் உண்டு. தொல்காப்பியத்தில் உணர்வுகள் உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் பகுதிக்கு மெய்ப்பாட்டியல் என்று பெயர். அதில் பெருமிதம் என்ற உணர்வு எவற்றால் பிறக்கும் என்று நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. முதலில் நிற்பது கல்வி. படிப்பைத் தன்மதிப்போடு சேர்த்துப் பார்த்த அந்த வரிசையை ஒவ்வொரு வகுப்பு ஆசிரியரும் ஒரு தடவையாவது படித்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

உளம் + இயல் என்பதில் மகரம் கெட்டு, இடையில் வகர உடம்படுமெய் தோன்றி உளவியல் ஆகிறது. சிலர் இதை உளவு + இயல் என்று பிரித்து, அடுத்தவர் மனத்தை வேவு பார்க்கும் வித்தை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உளவுத்துறைக்கும் இதற்கும் ஒட்டில்லை. அதேபோல, உளவியலாளர் வேறு, மனநல மருத்துவர் வேறு. பின்னவர் மருத்துவம் படித்து மருந்து எழுதித் தருபவர். மனோதத்துவ நிபுணர் என்ற ஒரே சொல்லில் இருவரையும் போட்டு அடைத்ததால், யாரிடம் போவது என்று தெரியாமல் குடும்பங்கள் அலைகின்றன. சொல் தெளிவாக இல்லாவிட்டால் அந்தத் துன்பம் வீட்டு வாசல் வரை வந்துவிடுகிறது.

இப்போது இரண்டும் சேரும் இடம். ‘கல்வி உளவியல்’ என்பது தொகை. நடுவில் வேற்றுமை உருபு மறைந்திருக்கிறது. எந்த உருபு? கல்விக்குப் பயன்படும் உளவியலா, கல்வியின் உளவியலா? இலக்கணக் கேள்வி போலத் தெரிந்தாலும் அந்தத் துறை நூறு ஆண்டுக்கு மேல் தனக்குள் வாதாடிய கேள்வி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மன் மெய்யியலாளர் ஹெர்பார்ட், கல்விக்கு இலக்கைத் தருவது அறநெறி, வழியைக் காட்டுவது உளவியல் என்றார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஆசிரியர்களுக்கு ஆற்றிய உரைகள் 1899-இல் நூலாக வந்தபோது, அதில் ஒரு எச்சரிக்கை இருந்தது: உளவியல் அறிவியல், கற்பித்தல் கலை, ஒன்றிலிருந்து மற்றது தானாக முளைத்துவிடாது, நடுவில் ஆசிரியரின் சொந்த அறிவு வேலை செய்ய வேண்டும். 1903-இல் துறையின் பெயரையே தலைப்பாக வைத்து நூல் எழுதிய அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக்குக்கு அந்தத் தயக்கம் இல்லை. கற்றலை அளந்து விதி கண்டுவிடலாம் என்று நம்பினார். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1926-இல் அதே பெயரில் நூல் எழுதினார். பெரியவர் கைகொடுத்தால் பிள்ளை இன்னும் எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்க்கும் கருத்தை அவர் பின்னாளில் வளர்த்தெடுத்தார். தார்ண்டைக், வைகாட்ஸ்கி இருவர் பெயரையும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தத் தேர்வின் 150 மதிப்பெண்ணில் 30 கல்வி உளவியல் சார்ந்த பகுதிக்கு. “சைக்காலஜி முடிச்சுட்டேன், தமிழ்தான் பாக்கி” என்று பயிற்சி மையங்களில் கேட்கிற சைக்காலஜி இதுதான். முழு உளவியலில் அது ஒரு கிளை.

இந்தத் துறைக்கான மிகத் தெளிவான தமிழ் வரி எட்டு நூற்றாண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. நன்னூலின் பாயிரத்தில், பாடம் சொல்லும் முறையைக் கூறும்போது பவணந்தி முனிவர் சொல்கிறார்: ஆசிரியர் அவசரப்படக் கூடாது, கோபப்படக் கூடாது, விரும்பி முகம் மலர்ந்து, ‘கொள்வோன் கொள்வகை அறிந்து அவன் உளம்கொள’க் கொடுக்க வேண்டும். கொள்வோன் கற்பவர், கொள்வகை அவர் எடுத்துக்கொள்ளும் விதம். அதைத் தெரிந்துகொண்ட பிறகே பாடம். உளம் என்ற சொல்லும் அங்கேயே இருக்கிறது. அதே பாயிரம் மாணவர்களை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று தரம் பிரிப்பதும் உண்மை. கடைசி நான்கையும் கடை மாணாக்கர் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓட்டைக்குடம் என்று முத்திரை குத்துவதைவிட ஓட்டை எங்கே என்று தேடுவதுதான் இன்றைய உளவியலின் வேலை. ஆனால் ‘கொள்வகை’ என்ற சொல்லை நாம் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆங்கிலத்தில் ‘லேர்னிங்’ என்ற சொல்லை ஒட்டிப் பல தொடர்களால் சுற்றிச் சொல்வதை இது ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது.

கடைசியாக, அந்தப் பட்டத்தின் பெயர். பிரிட்டனில் இரண்டு துறைகளை இணைத்துப் படிக்கும் பட்டங்களில் நடுவில் வரும் சிறு சொல்லுக்குப் பெரிய பொருள் உண்டு. ‘அண்ட்’ என்று வந்தால் ஏறக்குறையச் சரிபாதி. ‘வித்’ என்று வந்தால் முன்னால் இருப்பது முதன்மை, பின்னால் இருப்பது துணை. யார்க் பல்கலைக்கழகத்தில் ‘சைக்காலஜி இன் எஜுகேஷன்’ என்றே ஒரு பட்டம் இருக்கிறது.

‘அண்ட்’ எளிது. எண்ணும்மை போட்டால் போதும்: கல்வியியலும் உளவியலும். ‘இன்’ என்பதும் எளிது: கல்வியில் உளவியல். ‘வித்’தான் சோதிக்கிறது. ‘உளவியலோடு கல்வியியல்’ என்று நேராகச் சொன்னால் பொருள் தலைகீழாகிவிடும் ஆபத்து உண்டு. ‘ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே’ என்பது தொல்காப்பியம். ஒடு என்ற உருபு உயர்ந்ததன் பக்கம் சேரும். அமைச்சரோடு உதவியாளர் வந்தார் என்கிறோம். முதன்மை ஒடு ஏற்ற அமைச்சருக்கு. அந்த முறைப்படி ‘உளவியலோடு கல்வியியல்’ என்பதில் உளவியல்தான் பெரியது. ஆங்கிலத்திலோ ‘வித்’ ஒட்டிக்கொள்வது சிறியதை. இன்றைய பேச்சில் விதி தளர்ந்துவிட்டது, சாம்பாரோடு இட்லி என்றால் யாரும் சாம்பாரை முதன்மை என்று எடுப்பதில்லை. ஆனாலும் பட்டச் சான்றிதழின் பெயர் இரண்டு விதமாகப் படிக்கும்படி இருக்கக் கூடாது. என் தேர்வு: ‘கல்வியியல், உளவியல் துணையாக’. எது முதன்மை என்பதில் ஐயத்துக்கே இடமில்லை.

பெயரில் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் ‘எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட்’ என்பது சட்டப் பாதுகாப்பு உள்ள பணிப்பெயர். பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டம் வேண்டும். பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவம் வேண்டும். அப்புறம் மூன்று ஆண்டு முனைவர் பயிற்சி. அதன் பிறகு தொழில்முறைப் பதிவு. உளவியல் துணையாக மட்டும் இருக்கும் பட்டம் சங்கத்தின் அங்கீகாரத்துக்குப் போதாமல் போகலாம். அந்தப் படிப்பை முடித்து வருபவரைக் ‘கல்வி உளவியலாளர்’ என்று இங்கே அழைத்தால், அவரிடம் இல்லாத தகுதியை நாமே ஏற்றிவிடுகிறோம். இதைச் சொன்னதும் அக்கா மகள் படிவத்தை மூடி வைத்துவிட்டு, சங்கத்தின் பட்டியலில் எந்தெந்தப் பட்டங்கள் இருக்கின்றன என்று பார்க்க உட்கார்ந்தாள்.